மலிவுக் காப்புறுதியின் விலை

அமெரிக்காவுக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பத்துமுறை கணக்கிடுவர். மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறையேனும் வாசிப்போர் சிலரே.

2010 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் இப்பத்திரத்தின் தன்மையையே மாற்றியது. அதற்கு முன்னர் மாணவர் திட்டங்கள் பல, செலவு ஒரு வரம்பைக் கடந்ததும் கைவிரித்தன. முன்பிருந்த நோய்களுக்குப் பணம் தர மறுத்தன. காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து பல்கலைக்கழகங்கள் பெற்றுத்தரும் திட்டங்களில் 2014க்குப் பின் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அத்திட்டத்தில் சேரும் வெளிநாட்டு மாணவருக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

ஆனால், வெளிநாட்டு மாணவருக்கென மலிவாக விற்கப்படும் பயணக் காப்புறுதிகளை இவ்விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. எஃப்-1 விசாவில் செல்வோர் காப்புறுதி பெறவேண்டுமென்று சமஷ்டி அரசு கட்டாயப்படுத்தவுமில்லை. முடிவு பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் கையில். அவற்றுட் சில, வெளியே வாங்கிய பத்திரத்தைக் காட்டினால் தமது திட்டத்திலிருந்து விலக்களிக்கின்றன. சட்டம் அடைத்த ஓட்டை இங்கே மீண்டும் திறக்கிறது.

சட்டத்தின் தரத்துக்குக் குறைந்த பத்திரத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் விலக்களிக்கக்கூடாது என்பதே என் கருத்து. அதுவரை பொறுப்பு நம்முடையது. உச்ச வரம்பு உண்டா? பழைய நோய்க்குச் சிகிச்சை உண்டா? மனநலச் சிகிச்சை அடங்குமா? இம்மூன்றையும் கேட்டபின் பணத்தைக் கட்டுங்கள். சில நூறு டொலர் மிச்சம் பிடித்தவர், வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுக்காகக் காணியை விற்கும் நிலை வரவேண்டாம்.