நிவாரணம் அல்ல, கடன்

"குடிச்சுட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?"

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் இதைத்தான் பேசினார்கள். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் கேட்டது, இந்தப் பக்கமும் கேட்டது. கருணாபுரத்துச் சாம்பல் ஆறுவதற்குள், அந்தத் தொகையைக் கொடுக்கக் கூடாதென்று உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். "பாவம், ஏழைங்க, கொடுத்துட்டுப் போகட்டும்" என்ற நல்லவர்களும் உண்டு. இரண்டு கோஷ்டிக்கும் ஒரே நினைப்புதான்: இது தர்மம். கடன் கட்ட வருகிற ஆள் என்னிடம் "தர்மம் பண்றேன், வாங்கிக்கோ" என்றால் எப்படி இருக்கும்?

வக்கீல்கள் 'டார்ட்' என்பார்கள், தமிழில் தீங்கியல். அரசு வழக்குப் போட்டு ஜெயிலில் தள்ளுவது குற்றவியல். ஒருத்தன் செய்த தப்பால் கெட்டுப்போனவன் தானே அவனைக் கோர்ட்டுக்கு இழுத்து நஷ்டஈடு வாங்குவது தீங்கியல். அந்தத் தப்பு வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம்: அடிப்பது, அடைத்துவைப்பது, அடுத்தவன் நிலத்தில் அத்துமீறி நுழைவது. கவனிக்க வேண்டியவன் கவனிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். அதற்கு மூணு கேள்வி. கடமை இருந்ததா? மீறினானா? மீறியதால்தான் தீங்கு வந்ததா?

1932இல் லண்டன் பிரபுக்கள் சபைக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. குடித்த பாட்டிலில் செத்த நத்தை கிடந்ததாகக் கம்பெனி மேல் ஒரு ஏழைப் பெண் போட்டது. உன் செயலால் யாருக்குக் கேடு வருமென்று முன்கூட்டியே தெரியக்கூடுமோ அவரெல்லாம் உன் அயலார், அவரிடம் உனக்குக் கடமை உண்டு என்றார் அட்கின் பிரபு. அயலாராம்! நம்மூரில் சேரிக்காரன் யாருக்கய்யா அயலான்? நடுவில் ஒரு வாய்க்கால் இருந்தால் போதும், அந்நியனாகிவிடுவான்.

கருணாபுரத்துக்கு வருவோம். காவல் நிலையமும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில். மதுவிலக்கு அமலாக்கத்துக்கென்றே போலீசில் தனிப்பிரிவு. கடமை இருந்ததா என்று கேட்கவே வேண்டாம். எதிர்பார்க்கவில்லை என்பார்களா? 2023 மே மாதம்தான் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பதிமூணே மாதம். 2024 ஜூன் 19இல் பிணம் விழ ஆரம்பித்தபோது, கள்ளச்சாராயம்தான் என்று உறுதியில்லை என்றது மாவட்ட நிர்வாகம். மெத்தனால் விஷத்துக்குச் சீக்கிரம் வைத்தியம் கிடைத்தால் உயிரும் கண்ணும் தப்ப வழியுண்டு. அந்த நேரத்தில் "உறுதியில்லை" என்ற சொல்லுக்கு என்ன விலை? செத்தவர்கள் அறுபதுக்கு மேல். கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள், நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது.

"குடிச்சது அவன் தப்புதானே?" தெரிந்து ஏற்ற ஆபத்துக்கு ஈடு கேட்க முடியாது என்பதும் தீங்கியலில் இருக்கிறதுதான். ஆனால் எதைத் தெரிந்து? அவன் போதைக்குச் சம்மதித்தான். மெத்தனாலுக்கா சம்மதித்தான்? ஓட்டலில் இட்லி தின்றவன் விஷத்துக்குச் சம்மதித்தவனா? 2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவதே அரசு. விற்பவன் கை சுத்தம், குடித்தவன் வாய்தான் அசுத்தம்! மெத்தனால் என்று தெரிந்தே கலந்து விற்றவன் கதை வேறு. அது கவனக்குறைவே இல்லை.

இன்னொரு பழி மலைமேல் போனது, கல்வராயன் மலையாளிகள் காய்ச்சுகிறார்கள் என்று. மலையில் போடுவது ஊறல். மெத்தனால் ஆலைச் சரக்கு, அது பானையில் ஊறாது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் கிடந்த மலை அது. அங்கே அடிப்படை வசதி என்ன ஆச்சு என்று உயர்நீதிமன்றம் தானாக வழக்கெடுத்துக் கேட்டதே 2024 ஜூலையில்தான். கீழே இத்தனை பேர் செத்த பிறகு.

அரசு மேல் வழக்குப் போட முடியுமா? 1965 கஸ்தூரிலால் வழக்கில் போலீஸ் வேலை இறையாண்மை வேலை, ஈடு கிடையாது என்றது உச்சநீதிமன்றம். உயிர்வாழும் உரிமை பறிபோன இடத்தில் அந்தச் சாக்கு செல்லாது என்று 1993இல் அதுவே சொன்னது. ஒரிசாவில் போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த நிலபதி பெஹராவுக்கு ஒன்றரை லட்சம் கொடுக்க வைத்தது.

கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து செய்தது வேண்டுமென்றே செய்த தீங்கு. 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் என்றது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. அதே பத்து லட்சம்தான். ஆனால் யார் பையிலிருந்து, எந்தப் பெயரில்?

சட்டம் படிக்கும் தோழர்கள் கருணாபுரத்துக்குப் போங்கள். பிறர் தப்பால் செத்தவனின் மனைவி, பிள்ளை, தாய் தகப்பனுக்காக நஷ்டஈட்டு வழக்குப் போட 1855ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. செத்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. வீடு வீடாகத் தேதியைக் குறியுங்கள். கெடு தாண்டிய வீட்டுக்கு 226ஆம் பிரிவில் ரிட் மனு உண்டு. நிலபதி பெஹரா அனுப்பியது வெறும் கடிதம்தான்.