எண்ணிக்கை உள்ளடக்கம் ஆகுமா?

மகிழுந்துப் பந்தய விளையாட்டின் அட்டையில் பெரிய எண்ணைக் கண்டதும் பணப்பையைத் திறக்கும் பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள்!

2010-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ 5’, 1,000-க்கும் மேற்பட்ட மகிழுந்துகள் உண்டென முழங்கியது. அவற்றுள் உள்ளும் புறமும் நுணுக்கமாக உருவாக்கப்பட்டவை ஏறத்தாழ 200 மட்டுமே. எஞ்சியவை பழைய விளையாட்டுகளிலிருந்து எடுத்துவரப்பட்டவை. வெளியானபோது அவற்றுக்கு ஓட்டுநர் இருக்கைக் காட்சிகூட இல்லை. நிசான் ஸ்கைலைன் ஒன்றே ஆண்டும் வகையும் மாறிப் பன்முறை எண்ணப்பட்டது. ஒரே கணக்கை எண்களை மட்டும் மாற்றிப் பத்து முறை கொடுத்துவிட்டு, பத்துப் பாடம் நடத்தினேன் என்று ஓர் ஆசிரியர் கூறலாமா?

இதனினும் கொடிது ஒன்றுண்டு. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’, அமெரிக்க நிலப்பரப்பையே சுருக்கித் தந்தது. பரந்த உள்ளடக்கம்தான், ஐயமில்லை! ஆனால், தனியாக ஓட்டுவதற்கும் இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31-இல் நிறுவனம் வழங்கிகளை மூடியது. காசு கொடுத்தவர் கையில் அன்று எஞ்சியது வெறும் வட்டு.

‘எத்தனை மகிழுந்து?’ என்று கேட்டது போதும். ‘புதியவை எத்தனை? நிறுவனம் கைவிட்ட பின்னும் ஓடுமா?’ என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு காசை எடுங்கள்.