லீற்றரில் அளக்கப்படும் பைகள்

சைக்கிளின் ஹாண்டிலில் மாட்டும் பையைக் கொள்ளளவு பார்த்து வாங்கும் பழக்கத்தை நெடுந்தூரம் ஓடுபவர்கள் கைவிட வேண்டும். 5 லீற்றர், 7 லீற்றர், 14 லீற்றர் என்று கடைகளிலும் இணையத்தளங்களிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்குபவரும் மண்ணெண்ணெய் வாங்குபவரைப் போல, கொடுக்கும் காசுக்கு எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்க்கிறார். சைக்கிளின் முன்பக்கத்தில், திரும்பும் சக்கரத்துக்கு நேர் மேலே, பிறேக் கம்பிகளுக்கு நடுவே தொங்கப்போகும் பொருள் அது. அதன் கட்டு நெகிழ்ந்து ரயரில் விழுந்தால் முன்சக்கரம் நின்றுவிடும். ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலாகத் தெருவில் போய் விழுவார். அதில் எத்தனை லீற்றர் கொள்ளும் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தப் பை எதற்காக? உடுப்பையும் படுக்கையையும் திணிப்பதற்காக அல்ல. அவற்றைப் பின்னால் கட்டலாம். இருக்கையிலிருந்து இறங்காமலே கைக்கும் கண்ணுக்கும் எட்டவேண்டியவற்றை வைத்திருப்பதற்காகத்தான் முன்பை. உணவு, மழை அங்கி, பணம், கைத்தொலைபேசி, பாதை வரைபடம், சாவடிகளில் முத்திரை குத்துவிக்க வேண்டிய அட்டை. பிறெவே எனப்படும் நேர வரையறை கொண்ட ஓட்டங்களில் 600 கிலோமீற்றரை 40 மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டும். 25 கிலோமீற்றருக்கு ஒருமுறை பையைத் திறப்பதற்காக இறங்கி 5 நிமிடம் செலவழிப்பவர் மொத்தத்தில் 2 மணித்தியாலங்களை இழக்கிறார். இரண்டாம் நாள் அதிகாலையில் பேருந்துத் தரிப்பிடம் ஒன்றின் வாங்கிலே தூங்கக் கிடைக்கும் 2 மணித்தியாலம் என்ன பெறுமதியென்று அத்தகைய ஓட்டத்தில் ஒருமுறை கலந்துகொண்டவருக்குத் தெரியும். இதைவிட மோசமான இன்னொரு விளைவும் உண்டு. பையைத் திறப்பது சிரமம் என்பதால் அடுத்த ஊரில் பார்க்கலாம், அதற்கடுத்த ஊரில் பார்க்கலாம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவர், கடைசியில் கண் இருண்டு தெருவோரத்தில் குந்திவிடுகிறார். அவருடைய பையில் பழமும் பாணும் அப்படியே கிடக்கும்.

இந்த விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொண்டவர்கள் பிரான்ஸ் நாட்டவர்கள். பரிஸிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீற்றர் ஓட்டம் 1891 இல் அங்கே போட்டியாகத் தொடங்கியது; 1931 இலிருந்து றன்டொனேர் எனப்படும் பந்தயக்காரரல்லாத ஓட்டுநர்களுக்கும் அதில் தனியிடம் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அதை முடிக்க அதிகபட்சம் 90 மணித்தியாலம். இந்தியாவிலிருந்து 2019 இலும் 2023 இலும் நூற்றுக்கணக்கானோர் போயிருந்தார்கள். இந்த நெடுந்தூர ஓட்டங்களுக்கென அந்நாட்டுத் தொழிலாளிகள் வளர்த்தெடுத்த பை பெட்டிபோல் சதுரமானது. அது ஹாண்டிலில் தொங்குவதில்லை. முன் மட்காட்டுக்குச் சற்று மேலே சிறியதொரு கரியரில் அமர்ந்திருக்கும். மேல்பகுதி மட்டும் ஹாண்டில் தண்டோடு ஒரு கொளுவியால் பிணைக்கப்பட்டிருக்கும். மூடி ஓட்டுபவரின் பக்கமாகத் திறக்கும். மூடியின் மேலே ஒளி ஊடுருவும் உறைக்குள் வரைபடம். பக்கங்களில் சிறு சிறு பைகள். ஓடிக்கொண்டே ஒரு கையால் வாழைப்பழத்தை எடுக்கலாம்.

ஜில் பெர்த்து என்ற பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் பைகளில் 22, 25, 28 என்ற எண்களைக் காணலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை லீற்றர் என்று எண்ணிவிடுகிறார்கள். அது பையின் உயரம், சென்ரிமீற்றரில். கரியருக்கும் ஹாண்டிலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் பையை வாங்கு என்பதே அதன் பொருள். வாங்குபவரின் ஆசையை அல்ல, வண்டியை அளக்கச் சொல்லும் எண் அது. என் கோபமெல்லாம் இங்கேதான். ஒரு பையின் மீது அச்சிடக்கூடிய மிகப் பயனுள்ள எண்ணை ஒரு சில தயாரிப்பாளர்கள் மட்டுமே அச்சிடுகிறார்கள். மற்றவர்கள் விற்பனைக்கு உதவும் எண்ணை அச்சிடுகிறார்கள்.

பை எங்கே அமர்கிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஹாண்டிலைத் திருப்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், அது ரயர் தரையில் படும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேரும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ட்ரெயில் என்கிறார்கள். பழைய பிரெஞ்சு நெடுந்தூர வண்டிகளில் அது ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிமீற்றர். இன்று கடைகளில் விற்கும் பந்தய வகை வண்டிகளில் பெரும்பாலும் 55 முதல் 60 வரை. ட்ரெயில் கூடிய வண்டியில் முன்னால் பாரம் ஏற்றினால், மெதுவாக ஏற்றம் ஏறும்போது சக்கரம் தானாகவே ஒரு பக்கம் சரியப் பார்க்கும். பாரம் எவ்வளவு உயரத்திலும் எவ்வளவு முன்னாலும் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தொல்லையும் கூடும். ஹாண்டிலுக்கு முன்னே 20 சென்ரிமீற்றர் தள்ளி, கொளுவியொன்றில் 5 கிலோ தொங்கவிடப்படும் பை இந்த இரண்டு குற்றங்களையும் ஒருசேரச் செய்கிறது.

அப்படியானால் பந்தய வகை வண்டி வைத்திருப்பவர்கள் முன்பையே மாட்டக்கூடாதா என்று கேட்பார்கள். மாட்டலாம். சிறிய பையாக, 2 கிலோவுக்கு மிகாமல், ஹாண்டிலோடு இயன்றளவு ஒட்டி, அசையாமல். கடைக்காரர் உங்களுக்குக் காட்டும் 14 லீற்றர் பையை அல்ல. வெற்றிடம் இருந்தால் மனிதன் நிரப்புவான். அது மனித சுபாவம். ஹாண்டில் கார்பன் இழையால் ஆனதென்றால், அதன்மேல் கொளுவியை இறுக்கலாமா என்று தயாரிப்பாளரின் குறிப்பை வாசித்துப் பார்ப்பது அவசியம். பலர் அதை அனுமதிப்பதில்லை.

அடுத்தது, இப்போது எங்கும் காணப்படும் உருளைப் பைகள். பாயைச் சுருட்டியதுபோல் ஹாண்டிலுக்குக் குறுக்கே வாரால் கட்டுவார்கள். கரியர் பூட்ட முடியாத, கல்லும் வேருமான மலைப் பாதைகளில் கூடாரத்தையும் படுக்கையையும் கொண்டுபோக அது நல்ல ஏற்பாடு. அதை நான் மறுக்கவில்லை. தார்த் தெருவில் பகலிரவாக ஓடுபவருக்கு அது என்ன செய்கிறது? இரண்டு முனையிலும் சுருட்டி மூடிய பையை ஓடும்போது திறக்க முடியாது. ஒரு பிஸ்கட்டுக்காக முழுவதையும் அவிழ்க்க வேண்டும். வளைந்த ஹாண்டிலில் பிறேக் பிடிகளுக்கு இடையே அது நெருக்கிக்கொண்டு கம்பிகளை மடிக்கிறது, விளக்கை மறைக்கிறது. மலைப்பாதைக்காரர்களின் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்களுடைய பையை வாங்குவது, நாட்டியக்காரியின் சலங்கை அழகென்று அதைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவது போன்றது.

இன்னொரு விடயத்தை எவரும் எழுதுவதில்லை. இந்தப் பைகளில் பல உயரமான ஆண்களின் வண்டியை மனதில் வைத்துத் தைக்கப்பட்டவை. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள ஒருவரின், குறிப்பாக நம் பெண்களில் பலரின் வண்டியில், ஹாண்டிலுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லாமல் இருக்கலாம். தொங்கும் பை அங்கே பள்ளம் விழும்போதெல்லாம் ரயரில் உரசும். முழுப் பாரத்தோடும் பைக்கும் ரயருக்கும் இடையே குறைந்தது 5 சென்ரிமீற்றர் வெளி வேண்டும். அது இல்லையென்றால், அந்தப் பை எத்தனை நட்சத்திரம் பெற்றதாயினும் உங்களுக்குரியதல்ல.

நட்சத்திரம் என்றதும் சொல்லியாக வேண்டும். நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் விளம்பரம் ஒன்றைச் செய்தியைப்போல் அமைத்தால், அதன் தலையில் 'விளம்பரம்' என்று சிறிய எழுத்திலாவது போடுவோம். இப்போது பையை இலவசமாகப் பெற்றுக்கொண்டு, அதை வெறும் வண்டியில் மாட்டிச் சுவரோரம் சாய்த்துவைத்துப் படமெடுத்து, அதை விமர்சனம் என்று வெளியிடுகிறார்கள். தையல், நிறம், இழுவைப்பட்டி எல்லாவற்றையும் வர்ணிக்கிறார்கள். பாரத்தோடு எத்தனை கிலோமீற்றர் ஓடினார்கள், ஒரு கையால் ஓட்டும்போது வண்டி எப்பக்கம் இழுத்தது, இரவில் விளக்கு எங்கே இருந்தது என்று ஒரு வரி இராது. பயணச் செய்தியாளர் ஊருக்குப் போகாமலே ஊரைப் பற்றி எழுதினால் ஆசிரியர் அவரை வைத்திருப்பாரா?

யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடையின்போது ஒரு குடாநாடே சைக்கிளில் ஓடியது. விறகும் மூட்டையும் நோயாளியும் சைக்கிளில் போனார்கள். பாரமானவை பின் கரியருக்கும் சட்டத்துக்கும் போயின. ஹாண்டிலில் தொங்கியது சந்தைக்குப் போகும் பனையோலைப் பை மட்டும்தான். ஒரு பக்கமாகத் தொங்கும் பை ஆடி ஆடிக் கடைசியில் கம்பிக்குள் போகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் எவரும் லீற்றர் பார்த்ததில்லை.

நீர் புகாமை பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஜெர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் 1982 முதல் செய்துவரும் ஒட்டிணைத்த பைகளும் நல்லவை. இங்கிலாந்தின் நெல்சன் நகரில் 1932 இல் தொடங்கிய கராடைஸ் நிறுவனத்தின் தடித்த பருத்தித்துணிப் பைகளும் நல்லவை. மழையில் பணத்தையும் தொலைபேசியையும் காக்க ஒரு பொலித்தீன் உறை போதும். காற்றுக்கு அப்படி மலிவான மருந்து கிடையாது. லண்டன்–எடின்பரோ–லண்டன் ஓட்டம் 2025 ஆகஸ்ட்டில் புளோரிஸ் புயலால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. புயலில்லாத நாளிலும் குறுக்குக் காற்று, அகன்ற பையின் பக்கவாட்டில் மோதி ஹாண்டிலையே திருப்புகிறது. பை சிறிதாக இருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 2 கிலோ அரிசிப் பொதியொன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் பையில் இட்டு மாட்டுங்கள். உங்கள் ஊரின் மிக மோசமான தெருவில் ஓட்டுங்கள். பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். ஓர் இறக்கத்தில் கைப்பிடியைத் தளர்த்திப் பாருங்கள், ஹாண்டில் நடுங்குகிறதா என்று. வண்டி நிற்காமல் ஒரு கையால் மூடியைத் திறந்து, ஒரு பொருளை எடுத்து, மீண்டும் மூடுங்கள். அதுவரை விலைச்சீட்டைக் கிழிக்க வேண்டாம்.