முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளின் பகல்பொழுது: கோரிக்கை மனு

அனுப்புநர்
மறதி நோயாளிகளின் குடும்பத்தினர் சங்கம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
சமூக நலத்துறை, சென்னை.

பொருள்: முதியோர் இல்லங்களில் தங்கியுள்ள மறதி நோயாளிகளுக்கு அவரவர் வாழ்க்கைக்கேற்ற அன்றாடச் செயல்பாடுகளைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடுவது, அடுப்பை அணைக்க மறப்பது என வீட்டில் சமாளிக்க முடியாமல் போன பிறகே எங்கள் பெற்றோரையும் துணைகளையும் இல்லங்களில் சேர்த்தோம். உணவும் குளியலும் மாத்திரையும் அங்கே நேரத்துக்கு நடக்கின்றன. அதில் எங்களுக்குக் குறையில்லை. இவற்றுக்கு இடையில் கிடக்கும் பகல்பொழுதுதான் எங்கள் கவலை. கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், எதிரே தொலைக்காட்சி. கதையைத் தொடர முடியாதவர்கள் முன்னால் நாள் முழுக்க நெடுந்தொடர் ஓடுகிறது.

சில இல்லங்களில் வாரம் ஒருநாள் 'ஆக்டிவிட்டி' உண்டு. சிறுபிள்ளைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள்; கைதட்டிப் பாடச் சொல்கிறார்கள். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தால், 'முரண்டு பிடிக்கிறார்' என்று பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்து மருந்தைக் கூட்டலாமா என்ற பேச்சு வருகிறது. மறதி நோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டே எச்சரித்துள்ளது.

இந்நோயில் அண்மை நினைவுதான் பெரும்பாலும் முதலில் போகிறது; கைப்பழக்கம் நெடுநாள் நிற்கிறது. மகளின் பெயர் வாய்க்கு வராத தாய், மல்லிகையும் நாரும் கைக்கு வந்தால் சரம் கட்டிவிடுகிறார். கீரை ஆய்வது, முறத்தில் அரிசி புடைப்பது, வேட்டி மடிப்பது, பல்லாங்குழி ஆடுவது, நாளிதழ்த் தலைப்புகளை உரக்கப் படிப்பது என எதற்கும் பெரிய செலவில்லை. ஆனால் கட்டிய பூ சாமி படத்துக்குப் போக வேண்டும். அதைப் பிரித்து மறுநாள் மீண்டும் கட்டக் கொடுப்பது ஏமாற்று. இத்தகைய வேலைகளையே சாக்காக வைத்துச் சமையலறை ஆட்களைக் குறைக்கும் நிர்வாகங்களும் வரக்கூடும் என்பதால், விரும்பாதவரை வேலை வாங்கக் கூடாது என்பதையும் விதியில் எழுத வேண்டுகிறோம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 19(2), இல்லங்களின் தரத்தையும், மருத்துவப் பராமரிப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான சேவைகளையும் வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. அந்த அதிகாரத்தின் கீழ், சேர்க்கையின்போதே ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். செய்த தொழில், ஊர், பிடித்த பாட்டு, வழிபாடு, எதற்குக் கோபம் வரும் என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். குடும்பத்தார் எழுதித் தருவோம்.

செயல்பாடுகளுக்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரேனும் ஒவ்வொரு இல்லத்திலும் வேண்டும். "வீட்டுக்குப் போகணும்" என்று பலர் தவிக்கத் தொடங்கும் மாலை நேரத்தில்தான், நாங்கள் பார்த்த இல்லங்களில், பணியாளர்கள் முறை மாறுகிறார்கள். அந்த நேரம் ஆளில்லாமல் போகக் கூடாது. நோயின் தொடக்க, நடுநிலைகளில் இருப்போருக்கு இங்கிலாந்தில் உருவான குழுப் பயிற்சி ஒன்று உண்டு: வாரம் 2 முறை, 7 வாரங்கள், 14 அமர்வுகள். சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் அதை நம் சூழலுக்கேற்ப மாற்றிச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அத்தகைய அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு இல்லப் பணியாளர்களுக்குத் துறையே பயிற்சி தர வேண்டுகிறோம்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு நிற்காமல், முன்னறிவிப்பின்றி ஒரு பிற்பகலில் வந்து அரைமணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதிவேட்டில் எதையும் எழுதிவிடலாம் என்பது தாங்கள் அறியாததல்ல.

வாழ்க்கைக் குறிப்புக்கான மாதிரிப் படிவம் ஒன்றை இணைத்துள்ளோம். இது குறித்து நேரில் விளக்க நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்