ஃபார்முலாவை மட்டும் பார்த்து வெளிச்சத்தைச் சொல்ல முடியாது

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் ஹைட்ரஜன் பாண்ட் என்றால் நமக்குத் தெரிந்தது ஒரே ஆன்சர்: தண்ணீர் ஏன் 100 டிகிரியில் கொதிக்கிறது. ரெண்டு மார்க் வாங்கிட்டு அதோட மறந்துடுவோம். ஆனால் ஓஎல்இடி டிஸ்ப்ளே மாதிரி, ஆர்கானிக் மாலிக்யூல்கள் திடப்பொருளாக இருந்தபடியே ஒளிரும் இடங்களில் இந்தச் சின்ன பாண்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதைச் சொல்லித் தராமல் விடுவது சிலபஸின் குறை என்பது என் கருத்து.

மஞ்சளையே எடுத்துக்குங்க. மஞ்சள் தூள்மேல் யுவி டார்ச் அடித்தால் மங்கலாகத்தான் தெரியும். அதைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து அடித்தால் பளிச்சென்று பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். ரெண்டிலும் இருப்பது அதே குர்குமின். தூளில் மாலிக்யூல்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் ஒன்று வாங்கிய எனர்ஜி பக்கத்தில் இருப்பதற்குத் தாவி, வெப்பமாகப் போய்விடுகிறது. ஸ்பிரிட்டிலும் முழு வெளிச்சம் கிடைக்காது. குர்குமினுக்கு உள்ளேயே ஒரு ஹைட்ரஜன் பாண்ட் இருக்கு. எக்ஸைட்டட் ஸ்டேட்டில் அந்த ஹைட்ரஜன் ஒரு ஆக்ஸிஜனிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது எனர்ஜி ஒளியாகாமல் கசிகிறது.

உடனே "ஹைட்ரஜன் பாண்ட் வெளிச்சத்துக்கு எதிரி"ன்னு நோட்ஸ் எழுதிடாதீங்க. 1941இல் லூயிஸ் குழு (ஆமா, நம்ம டாட் ஸ்ட்ரக்சர் லூயிஸ்தான்) போரிக் ஆசிட்டை உருக்கி உறையவைத்த கண்ணாடிக்குள் ஃப்ளூரசீன் சாயத்தை வைத்து ஆராய்ந்தது. தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரசீன், விளக்கை அணைத்த அடுத்த கணமே இருண்டுவிடும். இந்தக் கண்ணாடிக்குள் இருப்பதோ அணைத்த பிறகும் சில விநாடிகள் ஒளிர்கிறது. போரான், ஆக்ஸிஜன் வலையும் ஹைட்ரஜன் பாண்டுகளும் சேர்ந்து சாயத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன; வெளிக்காற்றின் ஆக்ஸிஜனும் உள்ளே வந்து எனர்ஜியைப் பறிக்க முடிவதில்லை. அங்கே கசியவிட்ட அதே வகை பாண்ட், இங்கே காவல் காக்கிறது.

அடுத்தது போலரைசேஷன். 1998இல் பிரின்ஸ்டனில் ஃபாரஸ்ட் குழுவினர் டிசிஎம்2 என்ற சாயத்தை ஒரு ஓஎல்இடி படலத்தில் கலந்தார்கள். அது நல்ல போலார் மாலிக்யூல். அளவைக் கூட்டக் கூட்ட நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நகர்ந்தது. சாயத்தின் ஃபார்முலாவில் ஒரு அணுகூட மாறவில்லை. சுற்றியிருக்கும் டைபோல்கள் கூடியதால் எக்ஸைட்டட் ஸ்டேட்டின் எனர்ஜி இறங்கியது, அவ்வளவுதான்.

"நான் சிஎஸ், எனக்கெதுக்கு இது?"ன்னு கேட்பவர்களுக்கும் பதில் இருக்கு. புது டிஸ்ப்ளே மெட்டீரியலை மெஷின் லேர்னிங்கில் தேடுவது இப்போ பிரபலமான ப்ராஜெக்ட். தனி மாலிக்யூலின் ஸ்ட்ரக்சரை மட்டும் இன்புட்டாகக் கொடுத்தால், மேலே சொன்ன மூணு கேஸிலும் மாடல் தடுமாறும். பக்கத்தில் யார், எப்படி அடுக்கியிருக்கு என்ற டேட்டாவும் வேணும். அது வேணும்னு தெரியவே கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேணும்.

நான் கேட்பது புது பேப்பர் இல்லை. ஹார்ட்னஸ் டைட்ரேஷனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு லேப் செஷன். ஒரு யுவி டார்ச், கண்ணுக்குக் கண்ணாடி, மஞ்சள் தூள், ஸ்பிரிட். போரிக் ஆசிட்டை ஸ்டாஃபே உருக்கிக் காட்டட்டும். அப்புறம் வைவாவில் "ஏன்?"ன்னு ஒரு கேள்வி கேட்டால் போதும்.