கோவாவின் ‘பெரிய வீடு’: யாருடைய கணக்கை யாரிடம் தீர்ப்பது?

போர்ச்சுகீசியர் இடித்த கோயில்களைப் புனரமைக்க 2022-23 பட்ஜெட்டில் 20 கோடி ரூபாய் ஒதுக்கியது கோவா அரசு. 2024 அக்டோபரில், புனித சவேரியாரின் உடலுக்கு டி.என்.ஏ. பரிசோதனை நடத்த வேண்டும் என்றார் கோவாவின் முன்னாள் ஆர்.எஸ்.எஸ். தலைவர் சுபாஷ் வெலிங்கர். கிறிஸ்தவர்கள் வீதிக்கு வந்து போராடினர். இதுபோன்ற சர்ச்சை எழும்போதெல்லாம் ஒரு பெயர் தவறாமல் இழுக்கப்படுகிறது: கோவா இன்குவிசிஷன் எனும் மத விசாரணை மன்றம்.

அந்த மன்றமும் அதன் சிறையும் இயங்கிய மாளிகை, பழைய கோவாவில் சே பேராலயத்தை ஒட்டிய சதுக்கத்தில் இருந்தது. அது முதலில் பீஜப்பூர் ஆதில் ஷா ஆட்சியாளர்களின் மாளிகை. 1510 நவம்பர் 25 அன்று அல்புகெர்க்கே நகரைக் கைப்பற்றியபோது முஸ்லிம்கள் ஆண், பெண் பேதமின்றிக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் சுமார் 6,000 பேர் என மன்னருக்கு எழுதிய கடிதத்தில் அவரே கணக்குச் சொல்கிறார். பிறகு அந்த மாளிகை போர்ச்சுகீசிய ஆளுநர்களின் இல்லமானது. 1560-ல் கோவாவுக்கு வந்த மத விசாரணை மன்றம் அங்கே குடியேறியது. இடையில் 1774 முதல் 1778 வரை நிறுத்தப்பட்டதைத் தவிர, 1812 வரை அது நீடித்தது. மக்கள் அந்தக் கட்டடத்தைப் ‘பெரிய வீடு’ என்றழைத்தனர்.

அங்கே அடைக்கப்பட்டவருக்குத் தம்மீது புகார் கொடுத்தவர் யார் என்பது சொல்லப்படாது. குற்றம் என்னவென்பதையும் அவரே யூகித்து ஒப்புக்கொள்ள வேண்டும். சொத்து பறிமுதலாகும். 1670-களில் அங்கே அடைபட்டுக் கிடந்த பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் டெலோன், விடுதலையான பின் எழுதிய நூலால்தான் இந்தக் கொடுமை ஐரோப்பாவெங்கும் பரவலாகத் தெரியவந்தது. புகழ்பெற்ற மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1568-ல் இறந்தார். அவர் இரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியவர் என்று கூறி, 1580-ல் அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். கல்லறைக்குள் போனவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

1736-ல் இந்த மன்றம் போட்ட ஆணை, மதம் மாறிய குடும்பங்களின் அடுப்படி வரை சென்றது. இந்துக்களைப் போல் உப்பில்லாமல் சோறு வடிப்பது தடை. துளசி வளர்ப்பது தடை. உடுத்தும் முறையிலும் தடை. உணவையும் உடையையும் வைத்து ஒருவரின் உள்ளத்தை அளக்கும் இந்த வேலை நமக்குப் புதிதல்ல. வீட்டில் மாட்டிறைச்சி இருந்ததாகப் புரளி கிளப்பி 2015-ல் தாத்ரியில் ஒருவரை அடித்துக் கொன்றதையும், 2022-ல் கர்நாடகக் கல்லூரி வாசல்களில் ஹிஜாப் அணிந்த மாணவியர் நிறுத்தப்பட்டதையும் நாம் பார்த்தவர்கள்.

ஆகவே கோவாவில் நடந்தது கொடுமையே என்று சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை. இந்துக்களின் வேதனை உண்மையானது. அதை மறுப்பதோ குறைத்துப் பேசுவதோ நீதியாகாது.

ஆனால் அந்தக் கணக்கு யாரிடம் தீர்க்கப்படுகிறது? மன்றத்தின் பிடியில் அதிகம் சிக்கியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். மதம் மாறியும் பழைய வழக்கத்தை விடவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் மக்களும், யூத வம்சாவளியினரும் அவர்களில் அடங்குவர். மதமாற்றத்தைத் தடுத்தார்கள் என்று இந்துக்களும் முஸ்லிம்களும்கூடத் தண்டிக்கப்பட்டனர். அப்படியானால் இன்றைய கோவா கத்தோலிக்கர்களில் பலர், அன்று துன்புறுத்தப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்த நியாயம்? பாபரின் பெயராலும் ஔரங்கசீப்பின் பெயராலும் இதே கூண்டில் நிறுத்தப்படும் நமக்கு, இந்த அரசியல் எப்படி நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. ‘இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை’ என்று நாம் ஒதுங்கி நிற்கவும் முடியாது.

பெரு நாட்டின் லிமாவிலும் கொலம்பியாவின் கார்த்தகேனாவிலும் இத்தகைய மன்றங்கள் இயங்கிய கட்டடங்கள் இன்று அருங்காட்சியகங்களாக உள்ளன. மக்கள் உள்ளே சென்று, நடந்ததை அறிந்து திரும்புகிறார்கள். பழைய கோவாவிலோ அந்த மாளிகை 19-ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. வழக்கு ஆவணங்களில் பெரும்பகுதியும் அழிக்கப்பட்டது. வரலாறு வெற்றிடமாக விடப்பட்டால் அதை வெறுப்பு நிரப்பிக்கொள்ளும்.

அந்த இடத்துக்குத் தேவை, மதம் பாராமல் பாதிக்கப்பட்ட அனைவரையும் நினைவுகூரும் ஒரு சின்னம். இந்து, யூதர், முஸ்லிம், புதிதாக மதம் மாறியவர் எனச் சகலரின் துயரமும் அதில் பதிவாக வேண்டும். பழிவாங்கும் பட்டியலாக அது ஆகிவிடக் கூடாது.

நம்பிக்கையை நிர்ப்பந்தத்தால் ஊட்ட முடியாது என்பதை அல்குர்ஆன் (2:256) நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்றும் (5:8) எச்சரிக்கிறது. கோவாவின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.