எடுத்த படமும் கொடுக்க வேண்டிய கடனும்



ஓவியத்தை ‘வரைகிறோம்’ என்கிறோம். சிலையைச் ‘செதுக்குகிறோம்’ என்கிறோம். புகைப்படத்தை மட்டும் ‘எடுக்கிறோம்’ என்று சொல்கிறோம். வரைவதிலும் செதுக்குவதிலும் கலைஞனின் உழைப்பு ஒன்றே தெரிகிறது. எடுப்பதென்றாலோ, யாரிடமிருந்தோ எடுக்கிறோம் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. பழக்கத்தினால் நாம் கவனியாமல் விட்ட இவ்வுண்மையை எண்ணிப் பார்க்கும்படி செய்தது, புகைப்படக்கலை பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய மடல்.

அவருடைய ஆசிரியர் வகுப்புக்கு இரு பயிற்சிகள் கொடுத்தாராம். முதலாவது, ஆவணப் புகைப்படம். அதாவது, உலகில் நடப்பதை நடப்பவாறே பதிவு செய்வது. இரண்டாவது, உருவப்படம், ஒருவரை எதிரே இருத்தி, அவர் இன்னார் என்று காட்டுவது. முதற்பயிற்சிக்காக மாணவர் சந்தைக்குச் சென்றார். சாலையின் இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, தொலைவில் உள்ளதை அருகில் கொணரும் 200 மி.மீ. வில்லையைப் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தார். விற்காத கீரைக்கட்டுகள் முன்னே வாடிக் கிடக்க, நெற்றியில் கை வைத்து அமர்ந்திருந்தார் அவர். தம்மைப் படம் எடுத்தது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் பயிற்சிக்குத் தம் தெருவிலுள்ள தையற்காரரை நாடினார். கடையின் சன்னல் வழியே வந்த வெளிச்சமே போதுமானதாயிருந்தது. 85 மி.மீ. வில்லையுடன் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றார். அந்தத் தூரத்தில் முகம் கோணாது, பேச்சும் எட்டும். ஆயினும் முதல் அரைமணி நேரம் வீணாயிற்று. தையற்காரர் மூச்சை அடக்கி, மார்பை நிமிர்த்தி, ‘படத்துக்கான முகம்’ ஒன்றை அணிந்துகொண்டு அசையாமல் இருந்தார். பிறகு யாரோ துணி கொண்டுவர, அதை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடிடத் தொடங்கியதும் அந்த முகம் கழன்று, அவருடைய சொந்த முகம் வந்தது. மாணவர் அதை எடுத்தார். பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது இப்போது தையல் எந்திரத்துக்கு மேலே சுவரில் தொங்குகிறது.

ஆசிரியர் பாராட்டியது மூதாட்டியின் படத்தையே. கல்லூரிக் கண்காட்சிக்கும் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. மாணவர் கேட்கிறார்: “தம் துயரம் ஒரு கூடத்தின் சுவரில் தொங்கப் போவது அவருக்குத் தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் செய்தது தவறா? தவறென்றால், உலகம் போற்றும் ஆவணப் படங்களெல்லாம் தவறுதாமா?”

இக்கேள்விக்கு விடை தேடும்போது, உலகம் போற்றும் படங்களுள் தலையாயதொன்றின் வரலாற்றை நினைவுகூர்வது நலம்.

அமெரிக்க நாட்டில் டாரத்தியா லாங் என்ற அம்மையார் இருந்தார். 1895ஆம் ஆண்டு பிறந்தவர். ஏழாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வாழ்நாள் முழுவதும் கால் விந்தியே நடந்தவர். சான்பிரான்சிஸ்கோ நகரில் சொந்த ஸ்டூடியோ வைத்து, வசதி படைத்த குடும்பத்தினரை உருவப்படம் எடுத்து வந்தார். 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தினால் நாடே நிலைகுலைந்தது. வேலையிழந்தோர் தெருவில் திரிவதைக் கண்ட அவரால் ஸ்டூடியோவுக்குள் இருக்க முடியவில்லை. 1933ஆம் ஆண்டு, இலவச உணவுக்காகக் காத்து நின்ற கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தகரக் குவளையை முன்னே வைத்து, கைகளைக் கோத்துக் கம்பியில் சாய்ந்து நின்ற ஒரு முதியவரைப் படம் எடுத்தார். உருவப்படக் கலைஞர் ஆவணக் கலைஞராக மாறிய வேளை அது. 1935இல் ஏழை விவசாயிகளின் மறுவாழ்வுக்கென ஏற்பட்ட அரசுத் துறையில் புகைப்படப் பணியில் சேர்ந்தார்.

1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். ஏறக்குறைய ஒரு மாத காலப் பணியை முடித்து, கொட்டும் மழையில் வீடு நோக்கிக் காரோட்டி வந்தார் லாங். கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரருகே, பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் என்றதொரு பலகை சாலையோரம் தென்பட்டது. நில்லாமல் போய்விட்டார். ஆனால் மனம் விடவில்லை. இருபது மைல் கடந்த பிறகு வண்டியைத் திருப்பினார். முகாமில், கிழிந்த கூடாரத்தின் வாயிலில், கைக்குழந்தையை மடியில் கிடத்தி ஒரு தாய் அமர்ந்திருந்தார். பயிர் பாழானதால் வேலையில்லை, கூலியில்லை. லாங் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்கி, படிப்படியாக நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். கடைசிப் படத்தில் இரு பிள்ளைகள் தாயின் தோள்களில் முகம் புதைத்திருக்க, தாய் கன்னத்தருகே கை வைத்து எங்கோ நோக்குகிறார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகெங்கும் அறியப்படுவது அந்தப் படமே.

அதே மாதம் சான்பிரான்சிஸ்கோ நாளிதழில் இப்படங்கள் வெளிவந்தன. முகாமில் பட்டினி கிடந்தோருக்கு 20,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9,000 கிலோ உணவுப் பொருட்களை அரசு அனுப்பியது. ஒரு படம் ஆயிரம் சொற்பொழிவுகளால் ஆகாததைச் செய்து முடித்தது. இதை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆனால், அந்த உணவு வந்து சேர்ந்தபோது படத்திலிருந்த தாய் அங்கே இல்லை. பழுதான காரைச் சரிசெய்துகொண்டு, வேலை தேடி அடுத்த ஊருக்குப் பிள்ளைகளோடு போய்விட்டார்.

படத்துக்கு எழுதப்பட்ட குறிப்பில் அவர் செய்த வேலை இருந்தது. பிள்ளைகள் ஏழு பேர் என்ற கணக்கு இருந்தது. வயது 32 என்பதும் இருந்தது. பெயர் இல்லை. பெயரையோ அவருடைய வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று லாங் அம்மையாரே 1960ஆம் ஆண்டு எழுதினார். அவர் மனிதரை மதியாதவர் அல்லர். எளியவர்கள் வாயால் சொன்னவற்றை அப்படியே குறித்துக்கொண்டு, தம் கணவரோடு சேர்ந்து 1939இல் படங்களும் அச்சொற்களும் கலந்த நூலொன்றை வெளியிட்டவர். அத்தகையவரும் அந்த மழைநாளில், களைப்பிலும் அவசரத்திலும், அந்த ஒரு கேள்வியைக் கேளாமல் வந்துவிட்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த முகம் நூல்களிலும் இதழ்களிலும் அருங்காட்சியகங்களிலும் உலவியது. 1978ஆம் ஆண்டில்தான் அதற்கு உரியவர் யார் என்று வெளிப்பட்டது. அவர் பெயர் புளோரன்சு ஓவன்ஸ் தாம்சன். செவ்விந்தியரான செரோக்கி குலத்தில் 1903இல் பிறந்தவர். படம் எடுத்தபோது கணவரை இழந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. படத்தைக் கண்டு கண்ணீர் வடித்த எத்தனையோ பேர் இவற்றுள் ஒன்றையும் அறிந்ததில்லை. செய்தியாளர்களிடம் அவர் மனக்கசப்போடு பேசினார். தம் பெயரைக் கேட்கவில்லை, படங்களை விற்கமாட்டேன் என்றார், பிரதி அனுப்புவேன் என்றார், அனுப்பவேயில்லை என்பது அவருடைய குறை. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வந்ததில்லை என்றார். எடுக்க விட்டிருக்கவே கூடாது என்றும் வருந்தினார். லாங் அம்மையாரும் அப்படத்தை விற்றுச் செல்வம் சேர்த்தவர் அல்லர். அரசுப் பணியில் எடுத்ததாகையால் அது அரசுக்கு, அதாவது எல்லாருக்கும் உரியதாயிற்று. பதில் சொல்வதற்கு அவர் அப்போது உயிரோடும் இல்லை, 1965இல் இறந்துவிட்டார்.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1983ஆம் ஆண்டு தாம்சன் அம்மையார் கடும் நோயில் விழுந்தார். மருத்துவச் செலவுக்கு வழியின்றிப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கோரினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மடல்களும் 35,000 டாலருக்கு மேற்பட்ட தொகையும் வந்து குவிந்தன. அந்தப் படம் தங்கள் வாழ்வுக்கு என்ன தந்தது என்று முன்பின் அறியாதவர்களெல்லாம் எழுதியிருந்தனர். தாயின் படத்தை ஒரு குறையாகவே கருதி வந்த பிள்ளைகள், அம்மடல்களைப் படித்த பிறகே அதைப் பெருமையாகக் காணத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் தாய் காலமானார்.

இதிலிருந்து நாம் காண்பது என்ன? படம் நன்மை செய்தது உண்மை. நன்மை பலருக்குப் போய்ச் சேர்ந்தது. கடனோ ஒருத்தியிடம் பட்டது. பலருக்குச் செய்த நன்மை, ஒருவரிடம் பட்ட கடனைத் தீர்த்துவிடாது. அந்தக் கடன் பெரிய தொகையும் அன்று. ஒரு பெயரைக் கேட்பது, ஒரு பிரதியை அனுப்புவது, அவ்வளவே. மடல்கள் வந்தபோது பிள்ளைகளின் கசப்புத் தணிந்ததற்கு அவற்றோடு வந்த பணம் மட்டுமா காரணம்? அன்றுதான் அந்தத் தாயைப் பெயர் சொல்லி உலகம் அழைத்தது. எடுத்துச் சென்றவர்கள் அன்றுதான் திரும்பி வந்து எதையோ கொடுத்தார்கள்.

இனி, உருவப்படத்தைப் பற்றி ஒரு சொல். ஜெர்மனியில் அவுகுஸ்ட் சாண்டர் என்றொரு கலைஞர் இருந்தார். விவசாயி, கொத்தனார், வேலையற்றவர், செல்வர், கலைஞர் என்று தம் காலத்துச் சமுதாயம் முழுவதையும் முகம் முகமாகப் பதிவு செய்ய முனைந்தார். 1929இல் அவற்றுள் 60 படங்களை நூலாக வெளியிட்டார். சாண்டரும் பெரும்பாலும் தொழிலைத்தான் குறித்தார், பெயரைக் குறிக்கவில்லை. ஆனால் அவருடைய படங்களைக் காண்போர் ஒரு வேறுபாட்டை உணர்வர். பெரிய கருவி, கண்ணாடித் தகடு, நெடிய ஒளிபதிவு நேரம்; எதிரே நிற்பவர் தாமே மனமுவந்து அசையாமல் நின்றாலொழியப் படம் விழாது. 1928இல் அவர் எடுத்த அடுமனைக்காரர், மாவு கிண்டும் பாத்திரத்தைப் பற்றியவாறு, ஓர் அரசருக்கும் குறையாத மிடுக்கோடு நம்மை நேராக நோக்குகிறார். தம்மை எவ்வாறு காட்ட வேண்டும் என்பதில் அவருக்கும் பங்கு இருந்தது. மனிதரைத் தரம் பிரித்த நாசி ஆட்சிக்கு இப்படங்கள் உவக்கவில்லை. 1936இல் அந்நூலின் அச்சுத் தகடுகள் அழிக்கப்பட்டன. ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டிருந்த சாண்டரின் மகன் 1944இல் சிறையிலேயே மாண்டார்.

ஆகவே, மடல் எழுதிய தம்பிக்குச் சொல்வது இது. ஆவணப் படம் பொய், உருவப்படம் மெய் என்று தீர்ப்பளிக்க வேண்டாம். முன்கூட்டிக் கேட்டிருந்தால் அந்த மூதாட்டி கையை நெற்றியிலிருந்து எடுத்திருப்பார், முகத்தை மாற்றியிருப்பார், உண்மை மறைந்திருக்கும் என்று உங்கள் ஆசிரியர் கூறலாம். அதில் நியாயம் உண்டு. போர்முனையிலும் வெள்ளத்திலும் கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இராது. ஆனால் முன்னே கேட்க முடியாததைப் பின்னே கேட்கத் தடை என்ன? நீண்ட வில்லை உங்களுக்குச் சாலையைக் கடக்கும் வேலையை மிச்சப்படுத்தியது. மிச்சமான அந்தச் சில அடிகளே இப்போது உங்களை உறுத்துகின்றன. கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். சாலையைக் கடந்து, அவர் அருகில் அமருங்கள். “பாட்டி, இது நீங்கள்தான், இதைப் பலர் பார்க்கும்படி வைக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். ஒரு பரிசு போகலாம், போகட்டும். சரி என்றால், தம் பெயரைப் போடலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். அன்று நெற்றியில் கை வைத்திருந்தது துயரத்தாலா, வெயிலாலா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெயில்தான் காரணம் என்றால், ‘வறுமையின் துயரம்’ என்று நீங்கள் கொடுக்கவிருந்த தலைப்பு எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும்!

பெற்றோரே, பெரியோரே, இது மாணவருக்கு மட்டும் உரிய பாடமன்று. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியில் ஒரு காமிரா இருக்கிறது. வெள்ள நிவாரணம் வழங்கும்போதும், ஏழை மாணவருக்குப் புத்தகப்பை கொடுக்கும்போதும் நாம் படம் எடுக்கிறோம். பொருளைக் கொடுப்பவர் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வாங்குபவர் தலை குனிகிறார். ஒரு நொடியில் அது நூறு பேருக்குப் போகிறது. அந்தக் குழந்தை நாளை வகுப்பில் எந்த முகத்தோடு அமரும் என்று நாம் எண்ணுவதில்லை. கணக்குக் காட்டுவதற்குப் படம் தேவையென்றால், பொருட்களை எடுக்கலாம். உழைத்த கைகளை எடுக்கலாம். முகம் வேண்டுமென்றால், அவர்தம் விருப்பத்தைக் கேட்டு, நிமிர்ந்து நிற்கச் செய்து, நமக்கு இணையாக எடுக்கலாம்.

பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுக்கும்போது ஒளியையும் தூரத்தையும் கற்றுக்கொடுங்கள், கூடவே, “உங்கள் பெயர் என்ன?” என்று மரியாதையாகக் கேட்கவும் கற்றுக்கொடுங்கள். எடுத்தவர் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்ற நம் பழைய ஒழுங்கு, கடன் வாங்கிய அரிசிக்கு மட்டுமல்ல, ஒருவர் முகத்துக்கும் பொருந்தும்.